காட்டுக்குள் போகும் சிறுபடை: தமிழ்த் திரையில் அதிரடிக் குழுப் படங்கள்

சிறுபடைப் படம் போர்ப் படத்தின் ஒரு கிளை. ஐந்து பேரோ பத்துப் பேரோ கொண்ட ஒரு குழு எதிரியின் எல்லைக்குள் நுழைய வேண்டும். பாலத்தைத் தகர்ப்பது, ஒருவரை மீட்பது, ஒருவரைப் பிடிப்பது என்று ஏதாவது ஒரே ஒரு வேலை. அதற்கு ஒரு கெடு. முடித்துவிட்டு உயிரோடு திரும்பினால் உண்டு. முழுப் போரையும் காட்டும் படத்தில் வரைபடமும் தளபதியும் முன்னால் நிற்பார்கள். இங்கே முன்னால் நிற்பவர்கள் சாதாரண ஆட்கள்: வெடி வைக்கத் தெரிந்தவன், பாறை ஏறத் தெரிந்தவன், எதிரியின் மொழி பேசுகிறவன், எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறவன். ஆளுக்கு ஒரு வேலை இருப்பதால் ஒருவன் செத்தால் அவனோடு சேர்ந்து திட்டத்தின் ஒரு பகுதியும் போய்விடுகிறது. எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே பார்வையாளர் படம் பார்க்கிறார்.

இந்த வடிவத்துக்கு மூலவர் என்று அகிரா குரோசாவாவைச் சொல்லலாம். 1954-இல் வந்த அவருடைய 'ஏழு சாமுராய்' நவீன ராணுவக் கதை அல்ல. ஆனால் ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்ப்பது, இடத்தைச் சுற்றிப் பார்த்துத் திட்டம் போடுவது, இறுதி மோதலில் ஒவ்வொருவராக இழப்பது என்ற மூன்று கட்டங்களும் அதில்தான் உறுதிப்பட்டன. அதை இரண்டாம் உலகப் போருக்குள் கொண்டுபோனவை பிரிட்டிஷ், அமெரிக்கப் படங்கள். அலிஸ்டர் மெக்லீனின் நாவலிலிருந்து 1961-இல் வந்த 'கன்ஸ் ஆஃப் நவரோன்' ஒரு கற்பனைக் கிரேக்கத் தீவில் உள்ள இரண்டு ராட்சத பீரங்கிகளை அழிக்கப் போகும் குழுவின் கதை. 1967-இன் 'டர்ட்டி டஜன்' மரண தண்டனையும் நீண்ட சிறைத் தண்டனையும் பெற்ற பன்னிரண்டு கைதிகளைப் படையாக்கியது. அடுத்த ஆண்டு மெக்லீனே திரைக்கதை எழுதிய 'வேர் ஈகிள்ஸ் டேர்', குழுவுக்குள்ளேயே துரோகி இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டது. பின்னால் வந்த எந்த மொழிப் படமும் இந்த மூன்றில் ஒன்றின் கடனாளியாகவே இருக்கிறது.

தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள உலகப் படம் ஒன்று இந்த வரிசையில் உண்டு. டேவிட் லீன் 1957-இல் எடுத்த 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. ஜப்பானியர் கட்டச் சொன்ன ரயில் பாலத்தைக் கட்டும் கைதிகளும், அதைத் தகர்க்க வரும் சிறு கமாண்டோ குழுவும் ஒரே புள்ளியில் வந்து மோதும் கதை. படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், களனி ஆற்றங்கரையில் உள்ள கித்துள்கலையில். உண்மையான சயாம்–பர்மா ரயில் பாதை 1942–43-இல் போடப்பட்டது; மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெருங்கூட்டமாக அங்கே செத்தார்கள். படத்தில் அவர்கள் இல்லை. ஆங்கில அதிகாரியின் கௌரவம், அமெரிக்க மாலுமியின் தயக்கம், ஜப்பானியத் தளபதியின் அவமானம் எல்லாவற்றுக்கும் இடமிருந்த படத்தில், மண் சுமந்த ஆசியக் கூலிகளுக்கு இடமில்லாமல் போனது. அந்தக் குறையை மலேசியத் தமிழ் எழுத்துதான் தீர்த்தது, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அதில் ஒன்று. எந்தச் சிறுபடைப் படத்தைப் பார்க்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது. குழு எந்த நிலத்துக்குள் போகிறதோ, அந்த நிலத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் படத்தில் எங்கே?

தமிழில் இந்த வகைக்கு ஆகப் பழைய சொந்தக்காரர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு போருக்கு ஆதரவான படங்களை எடுக்கச் சொல்லிப் பட நிறுவனங்களை நெருக்கிய சூழலில், டி.ஆர். சுந்தரம் இயக்கி 1945-இல் வெளிவந்த படம் 'பர்மா ராணி'. ஜப்பானியர் பிடியில் உள்ள பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானப் படையினரும், அவர்களுக்கு உதவும் ராணி என்ற பெண்ணும் கதையின் மையம். ராணியாக நடித்தவர் கே.எல்.வி. வசந்தா, விமானியாக ஹொன்னப்ப பாகவதர், ஜப்பானியத் தளபதியாக சுந்தரமே நடித்தார். புராணப் படங்களும் பாட்டுப் படங்களும் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், எதிரி நிலத்தில் மாட்டிய சில வீரர்கள் தப்ப வேண்டும் என்ற கதையை ஏற்காட்டு மலையடிவாரத்தில் அரங்கம் போட்டு எடுத்தது துணிச்சலான காரியம். பிரசாரத்துக்காகப் பிறந்த படம் என்பது உண்மைதான். ஆனாலும் வேவு, மாறுவேடம், தப்பித்தல் என்று பிற்காலச் சாகசப் படங்களுக்கு வேண்டிய பெரும்பாலான சரக்கும் அதில் இருந்தது.

அந்த விதை உடனே முளைக்கவில்லை. சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கண்ணதாசன் தயாரித்து, தாதா மிராசி இயக்கிய 'ரத்தத் திலகம்' சிவாஜி கணேசனை மேஜராக்கி, சாவித்திரியை எதிரி முகாமிலிருந்து ரகசியம் கடத்தும் பெண்ணாக்கியது. அதன் மனம் காதல் சோகத்தில்தான் இருந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் ஜேம்ஸ்பாண்ட் மோகம் வந்தபோது 'வல்லவன் ஒருவன்', 'ரகசிய போலீஸ் 115' போன்ற உளவுப் படங்கள் வரிசைகட்டின. வேலையும் கெடுவும் அவற்றில் உண்டு, குழு கிடையாது. ஜெய்சங்கரோ எம்.ஜி.ஆரோ தனியாகப் போய்த் தனியாக முடிப்பார்கள்.

இதற்குக் காரணம் பணமோ தொழில்நுட்பமோ மட்டும் அல்ல. சிறுபடைப் படம் நாயகனின் வேலையைப் பங்கு போட்டுக் கொடுக்கச் சொல்லும் வடிவம். முக்கியமான பாறையை இன்னொருவன் ஏற வேண்டும். வெடியை வேறொருவன் வைக்க வேண்டும். சில நேரம் நாயகன் தவறான முடிவெடுத்து, அதற்குத் தோழன் உயிர்விட வேண்டும். நட்சத்திரத்தின் பேரில் வியாபாரம் நடக்கும் தமிழ் சினிமாவில் இந்தப் பங்கீடு எளிதல்ல. ஆகவே தமிழில் குழு பெரும்பாலும் முதல் பாதியில் உருவாகி, இரண்டாம் பாதியில் கரைந்து, இறுதிச் சண்டைக்கு நாயகனைத் தனியே விட்டுவிடும். இந்த வகைத் தமிழ்ப் படங்களில் தேறியவை, இந்தக் கரைப்பை எப்படியோ தடுத்தவைதான்.

தொண்ணூறுகளில் நிலைமை மாறியதற்கு நாட்டு நடப்பு காரணம். 1984-இல் தேசியப் பாதுகாப்புப் படை உருவாகி, 'கருப்புப் பூனைகள்' என்ற பெயர் தினசரிகளில் புழங்கத் தொடங்கியது. 1991-இல் ராஜீவ் காந்தி கொலை. சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைக் காடுகளில் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன். கமாண்டோ, தேடுதல் வேட்டை, அதிரடிப்படை போன்ற சொற்கள் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டன. விஜயகாந்தின் நூறாவது படமான 'கேப்டன் பிரபாகரன்' 1991 ஏப்ரலில் வந்தது, இயக்கம் ஆர்.கே. செல்வமணி. வீரபத்திரன் என்ற காட்டுக் கடத்தல்காரனாக மன்சூர் அலிகான். அவனைப் பிடிக்கப் போகும் வனத்துறை அதிகாரியாக விஜயகாந்த். தன் தோழனான அதிகாரியை அவன் கொன்றதுதான் நாயகனைக் காட்டுக்கு இழுக்கிறது. படம் வந்த ஏழே மாதத்தில், 1991 நவம்பரில், கர்நாடக வனத்துறை அதிகாரி பி. சீனிவாசை வீரப்பன் உண்மையாகவே கொன்றார். சரணடைய வருவதாக நம்பவைத்து நடந்த கொலை அது. திரைக்கதை முந்திக்கொண்ட கொடுமை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். படத்தின் பலம் அதன் காடு: பாறை இடுக்குகள், அருவி, குதிரைகள், ஒளிந்து சுடும் ஆட்கள். ஆனால் வனக்காவலர்கள் வெறும் பின்னணிதான். சண்டை இரண்டு பேருக்கு இடையே மட்டும்.

அர்ஜுன் இயக்கி நடித்த 'ஜெய்ஹிந்த்' (1994) தண்டனைக் கைதிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பயங்கரவாதியின் கோட்டைக்குள் அழைத்துப்போகும் கதை. 'டர்ட்டி டஜன்' வம்சம். அடுத்த ஆண்டு பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்' இதற்கு எதிர்த்திசை. கோவிந்த் நிஹலானியின் 'துரோக்கால்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான இதில், தீவிரவாதக் குழுவுக்குள் ரகசியமாக இருவரை அனுப்பும் 'ஆபரேஷன் தனுஷ்' திட்டம், அதைத் தீட்டிய அதிகாரிகளையே தின்னத் தொடங்குகிறது. பாட்டு இல்லை. வெற்றிக் களிப்பு இல்லை. கமல்ஹாசனும் அர்ஜுனும் சண்டைக்காரர்களாக அல்லாமல், பயந்து போன குடும்பத் தலைவர்களாக இருக்கிறார்கள். பணி என்பது அதைச் செய்கிறவனை உள்ளிருந்து அரிக்கக்கூடியது என்று தமிழில் முதலில் அழுத்தமாகச் சொன்ன படம் இது. இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கும் போனது.

அதே பத்தாண்டின் இறுதியில் சந்தோஷ் சிவன் தமிழில் எடுத்த 'தி டெரரிஸ்ட்' எதிர்முகாமிலிருந்து இந்த வகையைப் பார்த்தது. தலைவர் ஒருவரைக் கொல்ல அனுப்பப்படும் மல்லி என்ற இளம்பெண்ணின் கடைசி நாட்கள் அதன் கதை. பயிற்சி, வழிகாட்டிகள், ஒத்திகை, கெடு என்று எல்லாக் கூறுகளும் இருந்தும் அதைப் போர்ப் படம் என்று யாரும் சொல்வதில்லை. கேமரா ஆயிஷா தார்க்கரின் முகத்தை விட்டு நகர்வதே அரிது என்பதால் இருக்கலாம்.

இந்த வகையில் தமிழின் ஆகச் சிறந்த முயற்சி எஸ்.பி. ஜனநாதனின் 'பேராண்மை' (2009). அதன் வேர் சோவியத் இலக்கியத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் போரிட்டவரான போரிஸ் வசீலியெவ் 1969-இல் எழுதிய குறுநாவல், தமிழில் 'அதிகாலையின் அமைதியில்' என்ற பெயரில் வந்து இரண்டு தலைமுறை இடதுசாரி வாசகர்களிடம் கைமாறிய புத்தகம். 1942-இல் கரேலியக் காட்டில் வாஸ்கோவ் என்ற படைத்தலைவர், விமான எதிர்ப்புப் படையைச் சேர்ந்த ஐந்து இளம்பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகமான ஜெர்மன் வீரர்களைத் தடுக்கிறார். ஐந்து பெண்களும் இறக்கிறார்கள். ஸ்டானிஸ்லாவ் ரோஸ்தோத்ஸ்கி 1972-இல் அதைப் படமாக்கினார். முதல் படமான 'இயற்கை'க்கே தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' கதையை எடுத்துக்கொண்ட ஜனநாதனுக்கு, இந்த ரஷ்யக் காடும் அந்நியம் அல்ல.

ஜெயம் ரவி நடித்த துருவன் பழங்குடியைச் சேர்ந்த வனக்காவலர். அவரிடம் பயிற்சிக்கு வரும் என்.சி.சி. மாணவியரில் ஐந்து பேர், அவருடைய சாதியையும் வேலையையும் இளக்காரமாகப் பார்க்கிறவர்கள். காட்டுக்குள் போன இடத்தில், இந்தியாவின் ராக்கெட் ஏவுதலைக் கெடுக்க ஊடுருவிய அந்நியக் கூலிப்படையைப் பார்த்துவிடுகிறார்கள். மேலிடத்துக்குச் சொல்ல வழியில்லை. இருக்கிற ஆறு பேரும் தடுக்க வேண்டும். இங்கிருந்து படம் செய்வது கவனிக்கத்தக்கது. துருவனுக்கு உடல் வலிமையைவிடப் பெரிய ஆயுதம் காட்டறிவு. எந்தத் தடம் யாருடையது, எந்த மேட்டிலிருந்து எவ்வளவு தூரம் தெரியும், எங்கே கண்ணி வைத்தால் எதிரி அந்த வழியாகத்தான் வருவான் என்பதெல்லாம் அவர் வாழ்ந்து கற்றவை. அவர் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கொடுக்க, நிலம் பார்வையாளருக்கும் பழகிவிடுகிறது. எதிரி எந்தப் பக்கம், இவர்கள் எந்தப் பக்கம் என்ற குழப்பம் வருவதில்லை. தமிழ்ச் சண்டைப் படங்களில் இது அபூர்வம். மாணவியரின் பொறுப்பின்மை பொறுப்பாக மாறுவதும் வசனத்தில் அல்லாமல் வேலை செய்யும் விதத்தில் நடக்கிறது. அவர்களில் சிலரை இழப்பது உறைப்பது அதனால்தான். வசீலியெவ் எல்லாரையும் சாகவிட்டார்; ஜனநாதன் அந்த அளவுக்குப் போகவில்லை. வணிகப் படத்துக்கான சமரசம் அது. இரட்டை அர்த்தக் காட்சிகள் சில படத்தின் கௌரவத்துக்கு ஒவ்வாதவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படத்தின் கூர்மையான பகுதி அதன் முடிவு. பொன்வண்ணன் நடித்த மேலதிகாரி துருவனைப் பிறப்பைச் சொல்லி அவமதித்துக்கொண்டே இருப்பவர். கூலிப்படை ஒழிந்த பிறகு பாராட்டும் பதக்கமும் அவருக்குப் போகின்றன. துருவன் அடுத்த தொகுதி மாணவியருக்குப் பயிற்சி கொடுக்கத் திரும்புகிறார். சாதி குறித்த வசனங்கள் பல தணிக்கையில் ஒலி நீக்கப்பட்டு, திரையரங்கில் உதடு மட்டும் அசைந்தது. அந்த மௌனத்தைப் பார்த்தவர்களுக்கு, என்ன சொல்லப்பட்டது என்பதைவிட யார் சொல்லக் கூடாது என்பது நன்றாகவே புரிந்தது.

காட்டைத் தெரிந்தவனே காட்டுப் பணிக்குத் தலைவன் என்ற இந்த எளிய கருத்து, மலையடிவாரத்து ஊர்களில் வேறு மாதிரி ஒலிக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயப்பாளையத்தை ஒட்டி, கோமுகி அணைக்கு அருகில் உள்ள வடக்கனந்தல் அப்படி ஒரு பேரூராட்சி. அதற்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் பெரும்பான்மையர் மலையாளிப் பழங்குடியினர்; பேசுவது தமிழ். 1976 வரை அங்கே மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சி நடந்தது. இந்த மலைக்குச் சிறுபடை என்பது திரையில் மட்டும் பார்த்த பொருள் அல்ல. சாராய வேட்டைக்குப் போகும் போலீஸ் தனிப்படைகள் விடியுமுன் ஏறுவார்கள். ஓடையோரப் புதர்களில் மறைத்த பிளாஸ்டிக் பேரல்களைத் தேடி எடுத்து, வெல்லமும் கடுக்காயும் மரப்பட்டையும் போட்டுப் புளிக்கவைத்த ஊறலை அங்கேயே கவிழ்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு இந்தத் தேடுதல் இன்னும் தீவிரமானது. மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்ததும் அப்போதுதான்.

கல்வராயனுக்கு அடுத்த சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி. சந்தன மரம் பதுக்கியிருப்பதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள், ஊர் சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் இறந்த 20 பேர் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். 'சிறப்புப் படை' என்ற சொல்லைக் கேட்டதும் நகரத்துப் பார்வையாளர் மனதில் வரும் படமும், இந்த மலைகளில் உள்ளவர் மனதில் வரும் படமும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

வீரப்பன் வேட்டை குறித்த படங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறின. தமிழக அதிரடிப்படை 1993-இல் அமைந்தது. 2004 அக்டோபர் 18 இரவு, காவல் அதிகாரி விஜயகுமார் தலைமையிலான படை 'ஆபரேஷன் ககூன்' திட்டத்தில் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனையும் மூன்று கூட்டாளிகளையும் சுட்டுக் கொன்றது. கண் சிகிச்சைக்கு என்று ஆம்புலன்ஸில் அழைத்துவரப்பட்ட பயணம் அது. வண்டியை ஓட்டி வந்தவர் மாறுவேடத்தில் இருந்த போலீஸ்காரர். திரைக்கதை ஆசிரியனே தயங்கும் அளவுக்கு நாடகத்தனமான முடிவு. ஏ.எம்.ஆர். ரமேஷின் 'வனயுத்தம்' (2013) இதை ஆவண பாணியில் சொன்னது. கிஷோர் வீரப்பனாகவும் அர்ஜுன் காவல் அதிகாரியாகவும் நடித்தார்கள். ஆனால் அந்த முடிவுக்கு முந்தைய ஆண்டுகளில் மலைக் கிராமங்களில் விசாரணை என்ற பேரில் நடந்தவை பெரிய சிக்கல். அதை ஆராயத் தேசிய மனித உரிமை ஆணையம் ஓய்வுபெற்ற நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைக்க வேண்டியிருந்தது. அந்த மக்களின் குரல் ஓரளவாவது முழுமையாகக் கேட்டது கதைப் படத்தில் அல்ல, 2023-இல் ஓ.டி.டி. தளங்களில் வந்த 'கூச முனிசாமி வீரப்பன்', 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' ஆகிய ஆவணத் தொடர்களில்.

ரமேஷின் முந்தைய படமான 'குப்பி' இதைவிடச் சுவாரசியமானது. கன்னடத்தில் 'சயனைடு' என்று 2006-இல் வந்து, பிறகு தமிழில் வெளியானது. ராஜீவ் கொலை வழக்கில் தேடப்பட்ட சிவராசனும் உடனிருந்தவர்களும் 1991 ஆகஸ்டில் பெங்களூரு கோணனகுண்டே வீட்டில் சுற்றிவளைக்கப்பட்ட கதை. உயிரோடு பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கழுத்தில் சயனைடு குப்பி. கமாண்டோக்கள் வெளியே உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள், பொழுது போகிறது, உள்ளே நுழையும்போது எல்லாரும் பிணம். அதிரடி நடக்காமலே போகும் அதிரடிப் படம் என்ற வகையில் இதற்குத் தமிழில் ஜோடி கிடையாது. அந்த வேட்டையில் தேசியப் பாதுகாப்புப் படை அதிகாரியாகப் பங்கெடுத்த மேஜர் ரவி, பின்னாளில் மலையாள இயக்குநராகி அதே நிகழ்வை 'மிஷன் 90 டேஸ்' (2007) என்று எடுத்தார். மோகன்லாலும் ஜீவாவும் நடித்த அவருடைய 'கீர்த்தி சக்ரா' தமிழில் 'அரண்' என்று வந்தது. காஷ்மீரில் பணியாற்றும் கமாண்டோ குழுவின் அன்றாடத்தை உள்ளிருந்து தெரிந்தவர் எடுத்த படம் என்பது அதன் சின்னச் சின்ன விவரங்களில் தெரியும்.

நகரத்துக்குள் வந்த சிறுபடைக் கதைகளில் வெற்றி பெற்றது ஏ.ஆர். முருகதாஸின் 'துப்பாக்கி' (2012). விடுமுறையில் மும்பை வரும் ராணுவ உளவு அதிகாரி ஜெகதீஷ் (விஜய்), பிடிபட்ட பயங்கரவாதியைத் தப்பவிட்டுப் பின்தொடர்கிறார். நண்பனின் கல்யாணத்துக்கு வந்திருந்த படைத் தோழர்கள் ஆளுக்கு ஒருவனாகப் பிரிந்து போகிறார்கள். ரயில், தெரு, கடை என்று பன்னிரண்டு இடங்களில் பன்னிரண்டு பேர். ஒரே நொடியில் பன்னிரண்டு குண்டு. குழுவாக வேலை செய்வதன் கிளர்ச்சியை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய காட்சி தமிழில் வேறில்லை. அந்தத் தோழர்களின் பெயர் ஒருவருக்கும் நினைவிருக்காது என்பதும், இறுதியில் கப்பலுக்கு விஜய் மட்டுமே போகிறார் என்பதும் மேலே சொன்ன கரைப்பு நோயின் அறிகுறிகள். முஸ்லிம்களைச் சித்தரித்த விதத்துக்காக எழுந்த எதிர்ப்பும் நியாயமற்றது அல்ல. உறங்கும் உளவாளி யாராகவும் இருக்கலாம் என்று சொல்லும் படம், அந்த 'யாராகவும்' என்பதற்கு ஒரே ஒரு சமூகத்தைத்தான் காட்டியது.

ராதாமோகனின் 'பயணம்' (2011) விமானக் கடத்தலையும் கமாண்டோ மீட்பையும் எடுத்துக்கொண்டு, பயணிகளின் சில்லறைப் பேச்சுக்கே அதிக நேரம் கொடுத்தது. மீட்புக் காட்சி சுமார்தான். ஆனால் மீட்கப்படுகிறவர்கள் மனிதர்களாக இருந்தார்கள். 'விவேகம்' (2017) நண்பர்களான கமாண்டோக்களுக்குள் துரோகம் என்ற நல்ல கருவைப் பனிமலைப் பஞ்ச் வசனங்களில் தொலைத்தது. ஷக்தி சௌந்தர் ராஜனின் 'கேப்டன்' (2022), 'பிரிடேட்டர்' வழியில் ஆர்யாவின் ராணுவக் குழுவை விநோத உயிரினத்திடம் அனுப்பியது. குழுவினரை அறிமுகப்படுத்துவதற்குள்ளாகவே அவர்களைக் கொல்லத் தொடங்கிவிட்டதால் யாருக்கும் வருத்தம் வரவில்லை.

அதே ஆண்டு லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' வயதான குழு ஒன்றைக் கொண்டுவந்தது. அரசே கைவிட்ட ரகசியப் படையின் மிச்சங்கள் சமையல்காரியாகவும் ஓட்டுநராகவும் ஒளிந்து வாழ்கிறார்கள். வீட்டு வேலைக்காரம்மா என்று அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத பெண், வீட்டுக்குள் அடியாட்கள் நுழைந்ததும் முள்கரண்டியைக் கையில் எடுக்கும் நொடி, படத்தின் மற்ற எல்லாத் துப்பாக்கிச் சத்தத்தையும் அமுக்கிவிட்டது. ஏஜென்ட் டீனாவாக நடித்த வசந்தி நடனக் குழுவில் பல்லாண்டு உழைத்தவர். நட்சத்திரம் அல்லாத ஒருவருக்கு ஒரு முழுச் சண்டையைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்தக் காட்சியே சாட்சி.

தயாரிப்பு நிலைமையும் கதையைத் தீர்மானிக்கிறது. ராணுவத்தைக் காட்டும் படங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒப்புதல் என்ற கெடுபிடி 2020-க்குப் பிறகு இறுகியது. ராணுவ வாகனமும் முகாமும் வேண்டுமென்றால் ராணுவத்துக்குப் பிடித்த கதை வேண்டும். வனத்துறைப் படத்துக்கோ போலீஸ் படத்துக்கோ உடை தைத்தால் போதும். நினைத்த விமர்சனத்தையும் வைக்கலாம். தமிழில் நல்ல சிறுபடைப் படங்கள் ராணுவத்தை விட்டுக் காவல்துறை, வனத்துறை பக்கம் சாய்ந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

2024-இன் இறுதியில் இந்த இரு வழிகளும் அடுத்தடுத்து வந்தன. தீபாவளிக்கு ராஜ்குமார் பெரியசாமியின் 'அமரன்'. தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன், 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி, 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டம் காசிபத்ரியில் நடந்த மோதலில் உயிரிழந்தவர். அசோக சக்ரா பெற்றவர். சிவகார்த்திகேயன் தன் வழக்கமான குறும்பையெல்லாம் விட்டு நடித்த படத்தில், வீடு ஒன்றைச் சுற்றிவளைத்து அறை அறையாக நுழையும் காட்சிகள் தமிழில் இதுவரை வந்தவற்றில் நம்பகமானவை: கைச்சைகை, மூச்சு, படிக்கட்டில் யார் முன்னால் போவது என்ற கணக்கு. சிப்பாய் விக்ரம் சிங் போன்ற உடன் வீரர்களுக்கும் முகம் இருக்கிறது. சாய் பல்லவியின் இந்து வழியாகக் கதை சொல்லப்படுவதால், ஒவ்வொரு பணியும் தொலைபேசி அழைப்புக்கான காத்திருப்பாகவும் மாறுகிறது. காஷ்மீர் மக்கள் பெரும்பாலும் கல்லெறியும் கூட்டமாகவே வருகிறார்கள் என்ற விமர்சனத்துக்குப் படத்தில் பதில் இல்லை.

டிசம்பர் 20 அன்று வெற்றிமாறனின் 'விடுதலை' இரண்டாம் பாகம். ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து கிளைத்த இந்தக் கதையின் முதல் பாகம் 2023 மார்ச்சில் வந்தது. மலையில் முகாமிட்ட சிறப்புப் படையின் கடைநிலைக் காவலர் குமரேசனாக சூரி. சாப்பாட்டு ஜீப் ஓட்டுவது அவர் வேலை. பிடிக்கப்பட வேண்டியவர் விஜய் சேதுபதி நடித்த பெருமாள் வாத்தியார். ரயில் தகர்ப்பின் இடிபாடுகளுக்குள் நீண்ட ஒரே ஷாட்டில் தொடங்கும் படம், தேடுதல் வேட்டையை மேலிருந்து காட்டுவதில்லை. செக்போஸ்ட், சப்பாத்தி, தண்டனையாகச் செய்யும் எடுபிடி வேலை, மன்னிப்புக் கடிதம் என்று அடியிலிருந்து காட்டுகிறது. முதல் பாகத்தின் உச்சத்தில், விசாரணைக்கென்று இழுத்துவரப்பட்ட கிராமத்துப் பெண்கள் முகாமில் நிர்வாணமாக வதைக்கப்படுகிறார்கள். அதை நிறுத்த வேண்டுமென்றால் தேடப்படுபவரைக் காட்டிக் கொடுத்தாக வேண்டும் என்று குமரேசன் மலைச்சந்துகளில் ஓடுகிறான். துப்பாக்கிச் சண்டையும் துரத்தலும் இந்த வகைப் படங்களுக்குரிய வேகத்தோடுதான் எடுக்கப்பட்டிருக்கின்றன. வாச்சாத்தியை அறிந்த பார்வையாளருக்கு அந்த வேகத்தில் கைதட்ட முடியாது. பணியை வெற்றியாக முடிப்பவனே அதன் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி கதை அமைந்துவிட்டது. இரண்டாம் பாகம் வாத்தியாரின் கடந்த காலத்துக்கும் அரசியல் உரையாடலுக்கும் அதிக இடம் கொடுத்து, வேகத்தை இழந்தது. ஆனால் பிடிபட்டவரைக் காடு வழியாக அழைத்துப்போகும் சிறு காவலர் குழு, வழி தவறி, அவரிடமே வழி கேட்க வேண்டிய நிலைக்கு வருகிற பகுதிகளில், நிலம் யாருக்குத் தெரியுமோ அவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது என்ற 'பேராண்மை'யின் கருத்து பதினைந்து ஆண்டுகள் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பவும் வந்து நிற்கிறது.